யார்க் நகரின் முத்து



ஊர் சுற்றிப் பார்ப்பதென்றால் நம்மில் யாருக்குத்தான் ஆசை இல்லை? பள்ளிச் சுற்றுலா என்ற அறிவிப்பு வந்துவிட்டால் வகுப்பறை படும் பாடு நாம் அறியாததா! ஆனால் இந்த முறை நமக்குப் பேருந்தும் வேண்டாம், கட்டுச்சோறும் வேண்டாம். மனக்கண்ணைத் துணையாகக் கொண்டு, கடல் கடந்து, இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் என்னும் பழம்பெரும் நகருக்குச் சென்று வருவோம். அதன் தெருக்களில் நடந்தபடியே, அங்கே பிறந்து, அங்கே வாழ்ந்து, அங்கேயே உயிர் துறந்த ஓர் இல்லத்தரசியின் வரலாற்றையும் அறிந்து வருவோம். அவர் பெயர் மார்கரெட் கிளித்தரோ. மார்கரெட் என்னும் பெயர் முத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. யார்க் நகரின் முத்து என்றே அவரை இன்றும் அழைக்கிறார்கள்.

லண்டனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 மைல் தொலைவில், ஊஸ் என்னும் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்திருக்கிறது யார்க். கி.பி. 71ஆம் ஆண்டளவில் உரோமையர் இங்கே கோட்டை கட்டினர். 306ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் இந்நகரில்தான் பேரரசராக முழங்கப்பட்டார். கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை வழங்கிய அதே கான்ஸ்டன்டைன்தான் அவர். பின்னர் 866இல் வைக்கிங்குகள் எனப்படும் வடநாட்டுக் கடலோடிகள் நகரைக் கைப்பற்றினர். அவர்களுடைய மொழியின் சாயல் இன்றும் தெருப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார்க்கில் கேட் என்று முடியும் பெயரைக் கண்டால் அது வாயில் அன்று, தெரு. கோட்டை வாயிலுக்கோ அங்கே பார் என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொண்டால் நாம் வழி தவறமாட்டோம்.

நகரைச் சூழ்ந்து ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்திற்குப் பழைய மதிற்சுவர் நிற்கிறது. அதன்மேல் ஏறி நடக்கலாம். அப்படி நடக்கும்போது, எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் கண்ணில் படுவது மின்ஸ்டர் எனப்படும் பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1220ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்று, 1472இல்தான் நிறைவுற்று அர்ச்சிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 ஆண்டுகள்! அடிக்கல் நாட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதன் முடிவைக் காணவில்லை. கீழ்த்திசைச் சுவரில், ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவுக்குப் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று இருக்கிறது. ஜான் தார்ன்டன் என்ற கலைஞர் 1405 முதல் 1408 வரை மூன்றே ஆண்டுகளில் அதை உருவாக்கினார். உலகம் படைக்கப்பட்டது முதல் உலக முடிவு வரை வேதாகமக் காட்சிகள் அதில் ஒளி வீசுகின்றன. 1984ஆம் ஆண்டில் இப்பேராலயத்தின் தென்பகுதிக் கூரை தீப்பற்றி எரிந்தது. நான்கே ஆண்டுகளில் அதைப் புதுப்பித்துவிட்டார்கள்.

இவ்வளவு அழகையும் பார்த்து மகிழ்ந்தபின் நாம் வெளியே வருவோம். நாம் தேடி வந்த பெண்மணியின் கதை இந்த உயர்ந்த கோபுரங்களின் கீழ் நடக்கவில்லை. அது ஒரு குறுகிய தெருவிலும், ஒரு சிறையிலும், ஒரு பாலத்தின்மீதும் நடந்த கதை.

பேராலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் டேவிகேட் என்னும் கடைத்தெரு வரும். அங்கே தாமஸ் மிடில்டன் என்பவர் வாழ்ந்தார். தேன்மெழுகினால் திரி செய்து விற்பது அவர் தொழில். 1564ஆம் ஆண்டில் நகரத்தின் ஷெரீப்புகளுள் ஒருவராகவும் பதவி வகித்த மதிப்புமிக்க மனிதர் அவர். அவருடைய மகளாக 1550ஆம் ஆண்டுகளின் நடுவில் பிறந்தவரே மார்கரெட். வசதியான குடும்பந்தான். ஆயினும் அக்காலத்துப் பெண் பிள்ளைகள் பலரைப் போலவே மார்கரெட்டுக்கும் எழுதப் படிக்க யாரும் கற்றுத்தரவில்லை. சமையலும் வீட்டு நிர்வாகமும் போதுமென்று விட்டுவிட்டார்கள். 1567இல் தந்தை இறந்தார். சில மாதங்களில் தாய் மறுமணம் செய்துகொண்டார். வீட்டுக்கு வந்த சிற்றப்பா ஹென்றி மே, முன்னுக்கு வரவேண்டும் என்ற துடிப்புள்ளவர். அவர் பெயரை மறந்துவிட வேண்டாம். கதையின் முடிவில் அவரை மீண்டும் சந்திப்போம்.

டேவிகேட்டிலிருந்து கோனி தெருவுக்கு வருவோம். தெருவின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கடிகாரம் ஒன்று நம்மை நிறுத்துகிறது. அதுதான் புனித மார்ட்டின் ஆலயம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் இது எரிந்துபோயிற்று. ஒரு பகுதியை மட்டும் மீண்டும் கட்டி, நாடுகளிடையே சமாதானம் வேண்டி மன்றாடும் இடமாக வைத்திருக்கிறார்கள். இந்த ஆலயத்தில்தான் 1571இல் மார்கரெட்டின் திருமணம் நடந்தது. மணமகன் ஜான் கிளித்தரோ, மனைவியை இழந்தவர். வசதியான இறைச்சி வணிகர். நகர நிர்வாகத்திலும் செல்வாக்கு உடையவர்.

இனி ஷாம்பிள்ஸ் தெருவுக்குச் செல்வோம். இங்கிலாந்திலேயே பலராலும் விரும்பிப் பார்க்கப்படும் தெரு இது. இருபுறமும் உள்ள மரச்சட்ட வீடுகளின் மேல்மாடிகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. எதிர்வீட்டுக்காரரோடு சன்னல் வழியே கை குலுக்கிவிடலாம் போலிருக்கும்! பல நூற்றாண்டுகளாக இது இறைச்சிக் கடைத் தெரு. கடை முகப்பிலுள்ள அகலப் பலகைகளையும், இறைச்சியைத் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளையும் இன்றும் காணலாம். இத்தெருவில் 35ஆம் எண் வீடு புனிதையின் சிற்றாலயமாக விளங்குகிறது. உண்மையில் கிளித்தரோ குடும்பத்தார் வாழ்ந்தது எதிர்ச்சாரியில் இருந்த வீடு என்றும், பிற்காலத்தில் கதவெண்கள் மாறியதால் குழப்பம் நேர்ந்தது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எதுவாயினும் இந்தக் கற்கள் பதித்த தெருவில்தான் மார்கரெட் நடமாடினார். கடையைக் கவனித்தார், வேலைக்காரப் பெண்களோடு தாமும் சேர்ந்து வீடு பெருக்கினார், பிள்ளைகளை வளர்த்தார். கலகலப்பான பேச்சும் சிரித்த முகமும் உடையவர் என்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் அவரை விரும்பினர்.

இங்கே நாம் சற்று நின்று, அக்கால இங்கிலாந்தின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். 1534ஆம் ஆண்டில் மன்னர் எட்டாம் ஹென்றி உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்தார். அதன்பின் மன்னர் மாறும்போதெல்லாம் மதமும் மாறிற்று. 1553 முதல் 1558 வரை கத்தோலிக்க அரசியான மேரி ஆண்டபோது, ஏறத்தாழ 280 புராட்டஸ்தாந்தர்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர். இதை நாம் மறைக்கக்கூடாது. அடுத்து வந்த முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் துன்பம் கத்தோலிக்கரைத் தேடி வந்தது. ஞாயிறுதோறும் அரசாங்க ஆலய வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு 12 பென்ஸ் அபராதம் விதிக்கப்பட்டது. 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அரசியைத் திருச்சபைக்குப் புறம்பாக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என அறிவித்தார். அதுமுதல், கத்தோலிக்கக் குருக்கள் ஒவ்வொருவரும் அந்நிய நாட்டு ஒற்றர்களோ என்ற அச்சம் அரசைப் பிடித்துக்கொண்டது. 1581இல் அபராதம் மாதத்திற்கு 20 பவுனாக உயர்ந்தது. 1585இல் வந்த சட்டமோ மிகக் கொடியது. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தாலே மரண தண்டனை!

மார்கரெட் வளர்ந்தது புதிய முறை வழிபாட்டில். திருமணமாகி மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1574ஆம் ஆண்டளவில், தாமே ஆராய்ந்து பழைய விசுவாசத்தைத் தழுவினார். கணவர் ஜான் அரசாங்கத் திருச்சபையிலேயே இருந்தார். ஆயினும் மனைவியைத் தடுக்கவில்லை. அவர் வழிபாட்டுக்குப் போகாததற்கான அபராதத்தை முணுமுணுக்காமல் கட்டிவந்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு நம்பிக்கைகள் அன்போடு வாழ முடியும் என்பதற்கு அந்த வீடு சாட்சியாக இருந்தது.

ஷாம்பிள்ஸிலிருந்து தெற்கே நடந்தால் பழைய யார்க் கோட்டையின் இடம் வரும். ஒரு மேட்டின்மேல் கிளிஃபர்டு கோபுரம் நிற்கிறது. இங்கிருந்த சிறையில் 1577இல் முதன்முறையாக மார்கரெட் அடைக்கப்பட்டார். ஆலயத்துக்கு வராததே குற்றம். பின்னும் பலமுறை அவர் சிறை புகுந்தார். கடைசிக் குழந்தை வில்லியம் பிறந்ததும் சிறையில்தான்.

தோழியரே, இந்த இருண்ட சிறையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார்! செல்வத் தந்தையின் வீட்டில் கிடைக்காத கல்வி, சிறைக்கூடத்தில், உடனிருந்த கைதிகளின் துணையால் கிடைத்தது. தேவதாயின் செபங்களை இலத்தீன் மொழியில் மனப்பாடம் செய்தார். விடுதலையாகி வந்தபின் தம் பிள்ளைகளுக்கும் அண்டைவீட்டுப் பிள்ளைகள் சிலருக்கும் பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கல்வியின் அருமையைத் தாமதமாக அறிந்தவர், அடுத்த தலைமுறைக்கு அது தாமதமாகக் கூடாது என்று நினைத்தார்.

வீட்டின் மேல்தளத்தில் மறைவான அறை ஒன்று இருந்தது. குருக்கள் இரவில் வந்து திருப்பலி நிறைவேற்றுவர். சோதனைக்காரர்கள் வந்தால் பக்கத்து வீட்டின் வழியாகத் தப்பிப் போய்விடுவர். நகருக்கு வெளியே நேவ்ஸ்மையர் என்னும் புல்வெளியில் தூக்குமேடை இருந்தது. இன்று அது குதிரைப் பந்தயத் திடல். 1582 முதல் குருக்கள் பலர் அங்கே கொல்லப்பட்டனர். அவர்கள் இறந்த இடத்திற்கு மார்கரெட் இருளில் வெறுங்காலோடு நடந்து சென்று, முழந்தாளிட்டுச் செபித்துத் திரும்புவது வழக்கம். இவற்றையெல்லாம் அவருடைய ஆன்ம குருவான ஜான் மஷ், புனிதை இறந்த சிறிது காலத்திலேயே வரலாறாக எழுதிவைத்தார். நாம் இன்று அவரை அறிவது பெரிதும் அந்நூலால்தான்.

மூத்த மகன் ஹென்றியை மார்கரெட் படிப்புக்காகப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பிவைத்தார். இது அதிகாரிகளின் காதுக்கு எட்டியது. 1586 மார்ச் 10ஆம் நாள் கணவரை விசாரணைக்கு அழைத்துவிட்டு, அந்த நேரத்தில் வீட்டைச் சோதனையிட்டார்கள். ஆசிரியர் தப்பிவிட்டார். குருக்கள் யாரும் அகப்படவில்லை. ஆனால் அந்த வீட்டில் தங்கிப் படித்துவந்த வெளிநாட்டுச் சிறுவன் ஒருவனைப் பிடித்து, ஆடையைக் களைந்து, அடிப்பதாக அச்சுறுத்தினார்கள். பயந்துபோன சிறுவன் மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்தான். திருப்பலி உடைகளும் பாத்திரங்களும் வெளிவந்தன. மார்கரெட் கைதானார். பிள்ளைகள் வேறு வேறு வீடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர்.

ஆற்றங்கரையில் கில்டுஹால் என்னும் நகர மண்டபம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட இதுவும் 1942ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்து, பின்னர் பழைய வடிவிலேயே கட்டப்பட்டு 1960இல் திறக்கப்பட்டது. இங்கேதான் மார்ச் 14ஆம் நாள் அவர் நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டார். அக்காலச் சட்டப்படி, குற்றம் செய்தேன் என்றோ செய்யவில்லை என்றோ கைதி சொல்லி, ஜூரிகளின் விசாரணைக்கு உடன்பட வேண்டும். மார்கரெட் உடன்பட மறுத்துவிட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அவர் அசையவில்லை.

அது பிடிவாதமா? சற்று எண்ணிப் பார்ப்போம். விசாரணை நடந்தால் சாட்சிகள் வேண்டும். யார் சாட்சிகள்? அவருடைய சொந்தப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும்தான். தாயைக் கொல்லத் தாங்களே சாட்சி சொன்னோமே என்று அந்தப் பிஞ்சு உள்ளங்கள் வாழ்நாளெல்லாம் வேக வேண்டியிருக்கும். ஜூரிகளாக அமர்பவர்களோ அவரை அறிந்த ஊர்க்காரர்கள். அவர்கள் மனச்சாட்சிக்கு மாறாகத் தீர்ப்புச் சொல்ல நேரிடும். இந்தப் பழி யார் தலையிலும் விழக்கூடாது என்று மார்கரெட் முடிவு செய்தார். விசாரணைக்கு உடன்படாதவருக்கு விதிக்கப்படும் தண்டனை என்னவென்று அவருக்குத் தெரியும். பளு ஏற்றி நசுக்கிக் கொல்வதே அது! தெரிந்தேதான் மௌனமாக இருந்தார்.

நீதிபதிகளுள் ஒருவரான கிளின்ச்சுக்கே தீர்ப்புக் கூற மனம் வரவில்லை. ஜைல்ஸ் விக்கின்டன் என்ற புராட்டஸ்தாந்து போதகர் நீதிமன்றத்திலேயே எழுந்து, ஒரு சிறுவனின் சொல்லை நம்பி இந்தப் பெண்ணைக் கொல்வது தகாது என்று வாதாடினார். மாற்று நம்பிக்கையினராயினும் நீதிக்காகக் குரல் கொடுத்த அவரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆயினும் மறுநாள் தீர்ப்பு வந்துவிட்டது.

கில்டுஹாலிலிருந்து ஆற்றோரமாகச் சில நிமிடம் நடந்தால் ஊஸ் பாலம். இப்போதுள்ள பாலம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மார்கரெட் காலத்துப் பாலத்தின்மேல் வீடுகளும் கடைகளும் சிறையும் இருந்தன. அந்தச் சிறையில் அவர் தம் இறுதி நாட்களைக் கழித்தார். அவ்வாண்டு நகரத்தின் மேயர் யார் தெரியுமா? சிற்றப்பா ஹென்றி மே! அவர் சிறைக்கு வந்து பணிந்துபோகும்படி கெஞ்சினார். போதகர்கள் வந்து வாதிட்டனர். பரிசோதித்த பெண்கள் அவர் கருவுற்றிருக்கலாம் என்று சொன்னதால், அதை உறுதியாகக் கூறினாலே தண்டனையைத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி உயிர் பிழைக்க அவர் விரும்பவில்லை. கணவர் ஜான், தம் உடைமை அனைத்தையும் எடுத்துக்கொண்டு மனைவியை விட்டுவிடும்படி கதறினார். யாரும் கேட்கவில்லை.

சாவுக்குமுன் மார்கரெட் இரண்டு பரிசுகளை அனுப்பினார். தம் தலைத்தொப்பியைக் கணவருக்கு அனுப்பினார். குடும்பத்தலைவருக்குத் தாம் செலுத்தும் மரியாதையின் அடையாளமாக. காலணிகளையும் காலுறைகளையும் ஏறத்தாழ 12 வயதான மகள் ஆன்னுக்கு அனுப்பினார். தம் அடிச்சுவட்டில் நடக்கும்படி. 1586 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள், வெள்ளிக்கிழமை. தாமே தைத்த வெண்ணிற அங்கியோடு, வெறுங்காலோடு, வழியில் நின்ற ஏழைகளுக்குப் பிச்சையிட்டுக்கொண்டே சில அடிகள் நடந்தார். தண்டனையை நிறைவேற்ற வேண்டிய சேவகர்களுக்குத் துணிவு வரவில்லை. பிச்சைக்காரர் நால்வரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். கைகளைச் சிலுவைபோல விரித்துக் கட்டி, முதுகின் கீழே ஒரு கல்லை வைத்து, உடல்மேல் ஒரு கதவைப் போட்டு, அதன்மேல் பாரங்களை ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். இந்தக் கொடிய தண்டனை முறையை இங்கிலாந்து 1772இல் ஒழித்தது.

நம்மில் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய் சாவைத் தேடிக்கொள்ளலாமா? எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று. அவர் பிள்ளைகளை நேசிக்காமல் விட்டுச் செல்லவில்லை. தாயை இழக்கும் துயரம் ஒன்று, தாயைக் காட்டிக்கொடுத்த துயரம் மற்றொன்று; இவற்றுள் முன்னதையாவது அவர்கள் தாங்குவார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. மகன்மார் ஹென்றியும் வில்லியமும் கடல் கடந்து சமயக் கல்வி கற்றனர். ஆன் சிறைவாசம் உள்ளிட்ட பல துன்பங்களைக் கடந்து, 1598இல் பெல்ஜியத்தின் லூவேன் நகரில் கன்னியர் மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்தார். தாய் அனுப்பிய காலணி சரியான பாதங்களைத்தான் சேர்ந்தது.

பாலத்தைக் கடந்து மிக்கில்கேட் என்னும் மேட்டுத் தெருவில் ஏறுவோம். தெருவின் கோடியில் மிக்கில்கேட் பார் என்னும் கோட்டை வாயில். அதற்கு வெளியே நிற்கும் பெரிய கட்டடம் பார் கன்னியர் மடம். மார்கரெட் இறந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1686இல், மேரி வார்டு அம்மையாரின் சபைக் கன்னியர் இதை நிறுவினர். எதற்காகத் தெரியுமா? பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்பதற்காக! அப்போதும் சட்டம் கத்தோலிக்கருக்கு எதிராகவே இருந்தது. ஆகவே 1769இல் கட்டிய சிற்றாலயத்தின் குவிமாடத்தை வெளியே தெரியாதபடி சாதாரணக் கூரையால் மறைத்தனர். ஓடித் தப்புவதற்கு எட்டு வழிகள் வைத்தனர். 1985 வரை இங்கே அவர்களுடைய பள்ளி நடந்துவந்தது. கன்னியர் இன்றும் இங்கே வாழ்கின்றனர். புனிதையின் கை ஒன்று இச்சிற்றாலயத்தில் பக்தியோடு பாதுகாக்கப்படுகிறது. உடல் புதைக்கப்பட்ட இடத்தை எவரும் அறியார். 1970 அக்டோபர் 25ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மறைசாட்சியர் நாற்பதின்மருள் ஒருவராக மார்கரெட்டைப் புனிதராக உயர்த்தினார். 2008இல் ஊஸ் பாலத்தருகே அவர் நினைவாகக் கல்வெட்டு ஒன்றும் பதிக்கப்பட்டது.

நம் சுற்றுலா முடிகிறது. யார்க் செல்வோர் பேராலயத்தின் சாளரங்களைக் கண்டு வியப்பர். மதில்மேல் நடந்து மகிழ்வர். நாமும் அவ்வாறே வியந்தோம், மகிழ்ந்தோம். ஆனால் நம்மோடு எடுத்து வருவது அந்த மௌனத்தைத்தான். வகுப்பில் ஒரு தவறு நேர்ந்தால் அடுத்தவளைச் சுட்டிக்காட்ட நம் விரல் எவ்வளவு விரைவாக நீளுகிறது! தம் உயிருக்காகக்கூடப் பிறர்மேல் பழி விழ விடாத ஒரு பெண்மணி வாழ்ந்தார் என்பதை அப்போது நாம் நினைத்துக்கொள்வோம். சிறையில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த அவரை, நம் கையில் இருக்கும் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வோம். யார்க் நகரின் முத்து நமக்காகவும் மன்றாடட்டும்.